அண்ணனின் முப்பத்து மூன்று அடி

பள்ளிக்கூடத்துப் பக்கம் ஒதுங்கியவர்கள் எல்லாருக்கும் அந்த விதி தெரியும். செங்கோண முக்கோணத்தில் சின்னப் பக்கங்கள் இரண்டையும் தனித்தனியே வர்க்கம் செய்து கூட்டினால், பெரிய பக்கத்தின் வர்க்கம் வரும். ஒரு கிரேக்கர் பெயரில் அது உலகம் முழுக்க ஓடிக்கொண்டிருக்கிறது. நான் உலு திராமில் ஓர் இடைநிலைப் பள்ளியில் கணக்கு ஆசிரியை. வருஷா வருஷம் ஒன்றாம் படிவத்துப் பதின்மூன்று வயதுப் பிள்ளைகளுக்கு அதை மலாயில் சொல்லிக்கொடுத்துத்தான் என் தலை நரைத்தது. அப்படிப்பட்ட என்னிடமே, மாசாயில் இருக்கும் என் அண்ணன் அந்த விதிக்குப் பட்டா போட்டுக்கொண்டு வந்தால் எனக்குக் கோபம் வருமா வராதா?

எல்லாம் கைப்பேசியில் வந்த ஒரு செய்தியால் வந்த வினை. பல ஆயிரம் பேர் கை மாறி எங்கள் குடும்பக் குழுவுக்கும் அது வந்து சேர்ந்தது. கிரேக்கனுக்கு முன்பே தமிழன் கண்டுபிடித்துவிட்டான், அதுவும் வர்க்கமும் வர்க்கமூலமும் இல்லாமல் என்று பெரிய எழுத்தில் போட்டிருந்தார்கள். கீழே ஒரு பழைய செய்யுள். சின்னப் பக்கங்கள் இரண்டில் நீளமானதை எட்டுப் பங்காக்கி ஒரு பங்கைத் தள்ளிவிடு, மிச்சத்தோடு குட்டைப் பக்கத்தில் பாதியைக் கூட்டு, பெரிய பக்கமான கர்ணம் வந்துவிடும் என்பது அதன் சாரம். உதாரணமும் கொடுத்திருந்தார்கள். நான்கு, மூன்று. நான்கில் எட்டில் ஒரு பங்கு அரை, தள்ளினால் மூன்றரை. மூன்றில் பாதி ஒன்றரை. கூட்டினால் ஐந்து. கிரேக்கர் வழியிலும் ஐந்துதான்.

இது தோராயம், எல்லா அளவுக்கும் பொருந்தாது என்று நான் உடனே பதில் போட்டேன். அண்ணன் கைகூப்பும் படம் ஒன்றை அனுப்பினார். எங்கள் குடும்பத்தில் அதற்கு ‘போதும், வாயை மூடு’ என்று அர்த்தம்.

அண்ணனைப் பற்றிச் சொன்னால்தான் இந்தக் கதை புரியும். லாபிஸ் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர்கள் நாங்கள். வீட்டில் கணக்குப் புலி அவர்தான், நான் இல்லை. நான் பரீட்சைக்கு உருப்போட்டுப் படித்தவள். அவர் சைக்கிள் மிதித்துக்கொண்டே விடை சொல்லுவார். பள்ளி முடிக்கும் ஐந்தாம் படிவச் சோதனையில் அவருக்குக் கணக்கில் ஒன்று. அந்தக் காலத்தில் ஒன்றுதான் உச்சத் தரம். மலாய்ப் பாடத்தில் மட்டும் தோற்றார். மலாய் போனால் சான்றிதழே கிடையாது. மற்றப் பாடங்களில் வானத்தை வில்லாக வளைத்திருந்தாலும் ஒன்றும் இல்லை. முடிவு வந்த வாரமே பாசிர் கூடாங்குக்கு பஸ் ஏறினார். வேலைக்காலம் முழுக்கத் துறைமுகத்தில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டினார். அந்த ‘ஒன்று’ பற்றி அவர் ஒரு நாளும் வாய் திறந்ததில்லை. நாங்களும் கேட்டதில்லை.

ஓய்வு பெற்ற பிறகு அவருக்கு இந்தச் செய்யுள் கிடைத்தது. ‘தமிழனுக்கு மூளை இருந்திச்சு தெரியுமா’ என்று அவர் சொல்லும்போது, எந்தத் தமிழனைச் சொல்கிறார் என்பது எனக்குத் தெரியாமல் இல்லை. தெரிந்ததால்தான் கோபம் கூடியது. பெருமைப்பட எவ்வளவோ நிஜம் கிடக்கும்போது, ஓட்டைப் பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு ஊர்வலம் போவானேன்?

ஓட்டை என்று சொன்னால் அவர் ஒத்துக்கொள்ள மாட்டார். தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால். சாட்சிக்குத் தன் சமையலறையைக் காட்டுவார். வீட்டுப் பின்பக்கத்தை இழுத்துக் கட்டியபோது பதினாறடிக்குப் பன்னிரண்டு அடி என்று அளவு வைத்தார். பதினாறில் எட்டில் ஒன்றைத் தள்ளினால் பதினான்கு, பன்னிரண்டில் பாதி ஆறு, ஆக இருபது. மூலைக்கு மூலை இருபதடி வைத்துக் கட்டினார். ஓரடி டைல்ஸ் ஒன்றைக்கூடச் சாய்வாக வெட்டாமல் தரை நிறைந்தது. அதைப் பார்த்துப் பக்கத்து வீட்டுக்காரர் வாசல் கூரைக்குக் கூப்பிட்டார்: பன்னிரண்டுக்கு ஒன்பது. இன்னொருவர் கார் கொட்டகைக்கு: இருபதுக்குப் பதினைந்து. எல்லாம் கச்சிதம். கணக்கு முழுசாக வரும் அளவுதான் நல்ல அளவு என்பது அண்ணனின் கட்சி. அதனால் யார் வந்தாலும் நான்குக்கு மூன்று என்ற கணக்கில்தான் அளவு சொல்லுவார். செய்யுள் சரியாக வரும் அளவையே தானே தேர்ந்தெடுத்துவிட்டு, செய்யுள் ஒரு தரம்கூடப் பிசகவில்லை என்று நெஞ்சை நிமிர்த்துவார்.

இந்தப் பெயரை வைத்துத்தான் கோவிலில் அவருக்கு அந்த வேலை வந்தது. எங்கள் கோவிலுக்குக் குடமுழுக்கு. பக்கத்துப் பாடாங் திடலில் யாகசாலை போட வேண்டும். தூணுக்கு இடம் குறித்துக் கொடுக்கும் பொறுப்பைக் கோவில் தலைவர் அண்ணனிடம் விட்டார். ஃபோர்க்லிஃப்ட்டை விட்டு இறங்கிய பிறகு ஊர்ப் பொதுக் காரியம் ஒன்றுக்கு அவரைத் தேடி வந்தது அப்போதுதான். வெள்ளைச் சட்டை இரண்டு தைத்துக்கொண்டார். நுழைவாயிலில் கட்ட ஒரு பேனருக்கும் சொல்லியிருந்தார்கள். அந்தச் செய்யுளைப் பெரிதாகப் போட்டு, ‘கிரேக்கனுக்கு முன்பே தமிழன்’ என்று தலைப்பு.

ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பிடக் கூப்பிட்டிருந்தார். அண்ணி மீன் குழம்பைக் கிளறிக்கொண்டிருந்தார்கள். அண்ணன் ஒரு பழைய நாள்காட்டித் தாளின் பின்பக்கத்தில் யாகசாலையை வரைந்து காட்டினார். இருபத்து நான்கு அடிக்கு இருபத்து நான்கு அடி. சரிசமச் சதுரம். குருக்கள் அப்படித்தான் கேட்டிருக்கிறார். இந்தத் தடவை அளவை அண்ணன் தேர்ந்தெடுக்க முடியவில்லை.

“மூலைக்கு மூலை முப்பத்து மூணு. இருவத்து நாலுல மூணு போச்சுன்னா இருவத்தொண்ணு. பாதி பன்னெண்டு. முப்பத்து மூணு. முழுசா வருது பாத்தியா!” என்றார்.

ஒரு அப்பளம் தின்னும் நேரம் நான் பேசாமல் இருந்தேன். என்னைத் தெரிந்தவர்களுக்கு அது எவ்வளவு பெரிய தியாகம் என்று தெரியும். சனிக்கிழமை தூணுக்கு சிமெண்ட் ஊற்றப் போகிறார்கள். மேலே வைக்கும் இரும்புக் கூரை, வெல்டிங் கடையில் சுத்தமான சதுரமாக ரெடியாகிக்கொண்டிருக்கிறது. முப்பத்து மூன்று அடி வைத்தால் தூண்கள் நிற்பது சதுரத்தில் இல்லை, அமுக்கிவிட்ட பெட்டியில். கூரை உட்காராது. ஊரே பார்த்துக்கொண்டிருக்கும்போது, பேனருக்குக் கீழே என் அண்ணன் அந்த வெள்ளைச் சட்டையோடு நிற்பார்.

“அண்ணே, தப்பு. ஏறக்குறைய ஓரடி குறையுது,” என்றேன்.

“ஆரம்பிச்சிட்டியா? இந்தக் கிச்சன்ல உக்காந்துகிட்டே சொல்றியே, இது கோணலாவா இருக்கு?”

“கிச்சன் நேராத்தான் இருக்கு. அதுலயே காட்டறேன்,” என்று எழுந்து, அண்ணியின் கோலமாவு டப்பாவை எடுத்தேன்.

“அலமாக், இப்பத்தான் தரையைத் துடைச்சேன்,” என்றார்கள் அண்ணி.

தரையில் குந்தினேன். பக்கத்துக்கு இரண்டாக நான்கு டைல்ஸ் சேர்ந்தால் ஒரு பெரிய சதுரம். அந்த நான்கிலும் மூலைக்கு மூலை ஒரு கோடு போட்டேன், கோடுகள் ஒன்றோடொன்று கைகோத்து நடுவில் ஒரு சாய்ந்த சதுரம் வருகிற மாதிரி. “இந்தச் சாஞ்ச சதுரத்தோட பக்கம் என்ன?” என்று கேட்டேன். வகுப்பறைக் குரல் தானாக வந்துவிட்டது.

“ஒரு டைல்ஸோட மூலைக்கு மூலை.”

“உள்ள எத்தனை டைல்ஸ் இருக்கு?”

அவர் பார்த்தார். நான்கு பாதி. “ரெண்டு.”

“அவ்வளவுதான்ண்ணே அந்த விதி. ஒரு பக்கத்துமேல ஒரு டைல்ஸ், இன்னொரு பக்கத்துமேல ஒரு டைல்ஸ். ரெண்டையும் சேத்தா மூலைக் கோட்டுமேல நிக்கிற சதுரம். யாகசாலைக்கும் அதேதான். இருவத்து நாலு இருவத்து நாலு ஐந்நூத்து எழுவத்தாறு. ரெண்டு தடவை ஆயிரத்து நூத்தி அம்பத்திரண்டு. உங்க முப்பத்து மூணை முப்பத்து மூணால பெருக்குங்க.”

அவர் உதடு அசைந்தது. தாள், பேனா எதுவும் தொடவில்லை. “ஆயிரத்து எம்பத்தொம்பது.”

“மிச்சம் அறுவத்து மூணு டைல்ஸ் எங்கண்ணே போச்சு?”

இந்த விதியைப் பற்றி எனக்குப் பிடித்ததே இதுதான். பிள்ளைகள் அதை எழுத்தும் எண்ணுமாக மனப்பாடம் செய்கிறார்கள். அது உண்மையில் இடத்தைப் பற்றிய பேச்சு. இரண்டு சதுரத்தின் இடமும் மூன்றாவது சதுரத்துக்குள் சிந்தாமல் சிதறாமல் அடங்கும். கிரேக்கர் பிறப்பதற்குப் பல நூறு வருஷங்களுக்கு முன்பே பாபிலோன்காரர்கள் களிமண் பலகையில் இதற்கான எண்களைக் குத்தி வைத்திருக்கிறார்கள். சீனர்களிடம் இருந்தது. நம் பக்கத்திலும் இருந்தது, அதுவும் யாககுண்டம் கட்டுகிறவர்களிடம். மூலைக்கு மூலை இழுத்த கயிறு உண்டாக்கும் இடம், இரண்டு பக்கமும் தனித்தனியே உண்டாக்கும் இடங்களின் கூட்டு என்று வடமொழியில் எழுதி வைத்தார்கள். அந்தக் கிரேக்கர் கைப்பட எழுதிய ஒரு வரிகூட யாரிடமும் இல்லை. பெயர் மட்டும் அவருக்குப் போய்ச் சேர்ந்தது.

இதையும் அண்ணனிடம் சொன்னேன். “நீங்க சனிக்கிழமை கயிறு பிடிக்கப் போறீங்களே, இந்த விதி நம்ம பக்கம் பொறந்ததே அந்த வேலையிலதான். அதைப் போடுங்க பேனர்ல. பெருமைக்கு அது போதாதா?”

“அது வடமொழி. இது தமிழு,” என்றார். குரலில் பழைய உயரம் இல்லை. சாய்ந்த சதுரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எழுந்து கூடத்துக்குப் போய்த் தொலைக்காட்சியைப் போட்டார். சாப்பிடவில்லை.

அண்ணி என்னைப் பார்த்த பார்வையில் குழம்பே திரிந்திருக்கும். “சரியாத்தான் சொன்னே. அதுக்குன்னு ஒரே மூச்சுல சொல்லணுமா? அந்த மனுஷன்கிட்ட வேற என்ன இருக்கு?” என்றார்கள்.

எனக்கும் பாவமாகத்தான் இருந்தது. ஆனால் சொன்னதற்காக வருந்தவில்லை, இன்றைக்கும் இல்லை. அவர் மூளை மேல் எனக்கு மரியாதை இருந்தது. மரியாதை இல்லாதவர்களிடம்தான் தலையாட்டிவிட்டு வருவேன்.

வாரத்தின் நடுவில் அண்ணி போன் செய்தார்கள். சமாதானம் பேசத்தான் என்று நினைத்தேன்.

“உங்கண்ணன் என்னைச் சமைக்க விடமாட்டேங்கிறாருலா. கிச்சன் பூராக் கோலமாவு. ஒரு மூலையில முக்கோணம் போடறாரு, அளக்கறாரு, அழிக்கறாரு. நான் அடுப்புக்குப் போறதுக்குக்கூட வழி கேக்கணும். வெள்ளைக் காலோட சாமி வந்தவ மாதிரி திரியறேன்.”

“எதாவது சொன்னாரா அண்ணி?”

“உன்னைப் பத்தியா? ஒண்ணும் சொல்லல. நீ தப்பிச்சே.”

மறுநாள் பள்ளியில் ஆசிரியர் அறையில் இருந்தபோது அண்ணனே கூப்பிட்டார். நலம் விசாரிப்பு எதுவும் இல்லை.

“தங்கச்சி, எல்லா வடிவமும் போட்டுப் பாத்தேன். ஒண்ணுக்கு ஒண்ணு போட்டா குறையுது. ரெண்டுக்கு ஒண்ணு போட்டா கூடுது. மூணுக்கு ஒண்ணும் குறையுது. ஆனா நாலுக்கு மூணு போட்டா அணுகூடப் பிசகல. அப்புறம் பன்னெண்டுக்கு அஞ்சு. அதுவும் பிசகல, பதிமூணு. ரெண்டு வடிவம் கெடைச்சிருச்சு. மூணாவது ஒண்ணு இருக்கா? என்னால தேட முடியும், ஆனா இல்லைன்னு எப்படித் தெரிஞ்சிக்கறது?”

நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். அது நல்ல கேள்வி. செய்யுள் தப்பு என்பதோடு நான் நிறுத்திக்கொண்டேன். எங்கே சரி என்று கேட்கத் தோன்றியது அவருக்குத்தான். தேடினால் கிடைக்கும், ஆனால் இல்லை என்று நிரூபிக்கத் தேடல் போதாது என்பதும் அவருக்குத் தெரிந்திருந்தது. பல்கலைக்கழகத்தில் எங்களுக்கு அதைப் புரியவைக்கப் பெரும் பாடு பட்டார்கள்.

“அது என் வேலை. வச்சிடுங்க, கூப்பிடறேன்,” என்றேன்.

எனக்கு அடுத்த பாடவேளை ஓய்வு. செய்யுளின் கணக்கையும் உண்மையான விதியையும் ஒன்றுக்கொன்று சமம் என்று வைத்து எழுதினால் ஓர் இருபடிச் சமன்பாடு வரும். இருபடி என்றாலே விடை இரண்டுக்கு மேல் போகாது. தீர்த்தேன். இரண்டு விடை. ஒன்று நான்குக்கு மூன்று, மற்றது பன்னிரண்டுக்கு ஐந்து. அவர் கோலமாவில் கண்டுபிடித்தது அப்படியே என் தாளில் வந்து நின்றது. பக்கத்து மேசை மலாய் ஆசிரியை என்னைப் பார்த்து, ஏதாவது நல்ல செய்தியா என்று கேட்டார். ஆமாம், என் அண்ணன் பாஸாகிவிட்டார் என்றேன். அவருக்கு என்ன புரிந்ததோ, வாழ்த்துச் சொன்னார்.

“ரெண்டேதான்ண்ணே. மூணாவது எங்க தேடினாலும் கிடைக்காது. இருக்கறதெல்லாம் நீங்களே பிடிச்சிட்டீங்க,” என்று அவரிடம் சொன்னேன்.

அவர் சிரித்தார். சைக்கிள் மிதித்தபடி விடை சொல்லிவிட்டுச் சிரிக்கும் அதே சிரிப்பு. “அப்ப சனிக்கிழமை வா. ஒரு முனையப் பிடிக்க ஆள் வேணும்.”

சனிக்கிழமை காலையில் பாடாங்கில் பனி காயவில்லை. தலைவர், குழுவினர், சிமெண்ட் கலக்க வந்த ஆட்கள் எல்லாரும் நின்றார்கள். அண்ணன் ஒரு முளை அடித்து, கிழக்கே இருபத்து நான்கு அடியில் இன்னொரு முளை அடித்துக் கயிறு கட்டினார். வடக்கே இழுத்த கயிற்றில் இருபத்து நான்கு அடிக்குப் போகவில்லை. பதினெட்டாவது அடியில் சிவப்பு நாடா ஒன்றைக் கட்டினார். என்ன செய்யப் போகிறார் என்பது எனக்கு அப்போதுதான் விளங்கியது.

“இருவத்து நாலுல எட்டுல ஒண்ணு மூணு. தள்ளு, இருவத்தொண்ணு. பதினெட்டுல பாதி ஒம்பது. முப்பது,” என்று எல்லார் காதிலும் விழச் சொன்னார். டேப்பில் முப்பதடியை எடுத்து, கிழக்கு முளையிலிருந்து சிவப்பு நாடாவுக்கு வைத்தார். வடக்குக் கயிற்றை மெல்ல நகர்த்தி, நாடாவும் முப்பதும் சந்தித்த இடத்தில் நிறுத்தினார். நான்குக்கு மூன்று. தன் செய்யுள் பிசகாத வடிவத்தை யாகசாலையின் மூலைக்குள் வைத்தே மூலையைச் செங்கோணமாக்கிவிட்டார். பிறகு அதே கயிற்றை இருபத்து நான்கு அடிக்கு நீட்டி முளை அடித்தார். நான்காவது முளையும் இறங்கியது.

“இப்ப மூலைக்கு மூலை அள,” என்றார் என்னிடம்.

முனையைப் பிடித்தேன். முப்பத்து மூன்று அடி பதினொன்றேகால் அங்குலம். எதிர்ப் பக்க மூலைகளுக்குப் போனோம். முப்பத்து மூன்று அடி பதினொன்றேகால் அங்குலம். நான் சத்தமாகப் படித்தேன். பள்ளி முழுக்கக் கேட்கிற குரல் எனக்கு, பாடாங் எம்மாத்திரம்!

தலைவர் தாளைப் புரட்டினார். “போன வாரம் முப்பத்து மூணுன்னு எழுதிக் குடுத்தீங்களே? செய்யுள் கணக்குல அதானே வருது? அப்ப ஃபார்முலா சரியா தப்பா?”

எல்லாரும் அண்ணனைப் பார்த்தார்கள். எனக்கு வாய் துறுதுறுத்தது. கடித்துக்கொண்டேன். இது அவர் வாயால் வரவேண்டிய பதில். மழுப்ப நினைத்திருந்தால் வழி இருந்தது. அங்கே யாருக்கும் தெரிந்திருக்காது.

“ரெண்டு எடத்துல சரி. மத்த எடத்துல தப்பு. எந்த ரெண்டுன்னு நான் கண்டுபிடிச்சேன், வேற இல்லைன்னு என் தங்கச்சி கண்டுபிடிச்சா. பேனர் வேணாங்க, போட வேணாம்னு சொல்லிருங்க,” என்றார் அண்ணன்.

“இதெல்லாம் எங்க படிச்சீங்க?” என்றார் தலைவர். நிஜமான ஆச்சரியத்தோடுதான் கேட்டார்.

அண்ணன் கயிற்றில் ஒட்டிய புல்லைத் தட்டிவிட்டார். “ஸ்கூல்ல. அஞ்சாம் படிவத்துல எனக்குக் கணக்குல ஒண்ணு. மலாய்லதான் போச்சு,” என்றார்.

ஓட்டிய ஃபோர்க்லிஃப்ட்டைப் பற்றிச் சொல்வது போலச் சாதாரணமாகச் சொன்னார். தலைவர் தலையாட்டிவிட்டு சிமெண்ட் ஆட்களைக் கூப்பிடப் போனார். அவருக்கு அது ஒரு தகவல். எனக்கு அழுகை வந்துவிட்டது. ஒரு வாழ்க்கை முழுக்க உள்ளே வைத்திருந்ததை, வெள்ளைச் சட்டையில் சேறு தெறிக்க, நடுப் பாடாங்கில் நின்று என் அண்ணன் சொல்லிவிட்டார். கண்ணைத் துடைக்கக் கை தேடினேன். இரண்டு கையிலும் டேப் இருந்தது.

“முனையை விட்றாத தங்கச்சி, கிழக்குப் பக்கம் இன்னொரு தடவை பாத்திரலாம்,” என்றார்.